ஒரு நார்மல் உப்புத் தண்ணீர்

இரிஞ்ஞாலக்குடா கல்லூரியில் பிரின்சிபல் இட்டூப்பு சாருக்கு மூக்கடைத்தால் கல்லூரிக்கே மூச்சு முட்டும். அன்றைக்குத் தாவரவியல் குஞ்ஞன்னம் டீச்சர் ஓய்வு பெறும் விழா வேறு. சார் பேசியே ஆகவேண்டும். நார்மல் சலைன் என்ற உப்புத் தண்ணீர் விட்டு மூக்கைக் கழுவச் சொல்லியிருந்தார் டாக்டர். மருந்துக்கடையில் கிடைக்கும் சரக்குதான். ஆனால் வேதியியல் துறை என்று ஒன்றைக் கட்டி மேய்த்துக்கொண்டு வெளியில் எதற்கு வாங்க வேண்டும் என்பது சாரின் கட்சி. அவர் சரித்திரக்காரர். வேதியியல்காரர்களால் என்ன பிரயோசனம் என்பது அவருக்கு அதுவரை விளங்கியதில்லை.

ஆய்வகத்தில் அவர் கையில் அகப்பட்டவன் ஜிஜீஷ், தற்காலிக விரிவுரையாளர். ஜூனில் அவனை மறுபடி எடுப்பதும் கைவிடுவதும் இட்டூப்பு சாரின் கையெழுத்தில் தொங்கியது. அது விழாவிட்டால் மாமனாரின் பெயிண்ட் கடையில் டப்பா குலுக்க வேண்டியதுதான். சார் தன் வாயால் "நார்மல் உப்புத் தண்ணி ஒரு லிட்டர்" என்று கேட்டதும் உச்சி குளிர்ந்துவிட்டான்.

கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சோடியம் இருபத்துமூன்று, குளோரின் முப்பத்தைந்தரை, கூட்டினால் ஐம்பத்தெட்டரை. அத்தனை கிராம் உப்பு ஒரு லிட்டர் கரைசலில் இருந்தால் அது வேதியியல் கணக்கில் ஒரு நார்மல். லிட்டர் தண்ணீரை அளந்து அதில் உப்பைக் கொட்டுவது சமையல்காரர் வேலை. இவன் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, குடுவையில் ஊற்றி, கழுத்துக் கோடு வரைக்கும் சொட்டுச் சொட்டாக நிரப்பினான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, துறையில் மூத்தவரான ரஜனி டீச்சரிடம் பெருமையடித்தான். டீச்சர் கையிலிருந்த பப்ஸைக் கீழே வைத்தார்.

"எத்தனை கிராம் போட்டே?"

"அம்பத்தெட்டரை, டீச்சர்."

"எடா, அது நம்ம நார்மல்டா. டாக்டருக்கு நார்மல்னா லிட்டருக்கு ஒம்போது கிராம்தான். நீ ஆறரை மடங்கு போட்டிருக்கே. அந்த மனுஷன் மூக்கைக் கருவாடு ஆக்கிட்டியே."

ஜிஜீஷ் ஓடினான். சாரின் அறையில் கழுவும் தொட்டியருகே குடுவை பாதி காலியாக நின்றது. சார் மேடை ஏறியாகிவிட்டது.

இட்டூப்பு சாருக்கும் குஞ்ஞன்னம் டீச்சருக்கும் ஆகாது. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அவர் ஒரு சாம்பக்காய் மரத்தை வெட்டியதிலிருந்து டீச்சர் அவரோடு பேசுவதில்லை. வணக்கம் வைத்தால் சுவரைப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவரைப் பற்றிப் பேச இட்டூப்பு சார் மைக்கைப் பிடித்தார். "நம்ம டீச்சர்..." என்றார். அதற்குமேல் வரவில்லை. கண் கோவைப்பழமாகச் சிவந்து, கண்ணிலும் மூக்கிலும் தாரை தாரையாகக் கொட்டியது. துடைத்துக்கொண்டு மறுபடி "டீச்சர்..." என்றார். மறுபடி கொட்டியது.

முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள், அது தொற்றிக்கொண்டது. குஞ்ஞன்னம் டீச்சர் எழுந்துபோய்த் தன் கைக்குட்டையை நீட்டினார்.

"போதும் சாரே, அழாதீங்க. ஒரு மரம்தானே. நான் அதை எப்பவோ மறந்தாச்சு."

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. கடைசித் தூணருகே நின்ற ஜிஜீஷின் காதில் மட்டும் பெயிண்ட் டப்பா குலுங்கியது. மாலையில் சார் கூப்பிட்டனுப்பினார். போய் நின்றவன், ஒன்பது கிராம், ஐம்பத்தெட்டரை கிராம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டான். மிளகாய்ப்பழ மூக்கோடு சார் பொறுமையாகக் கேட்டார்.

"எடோ, எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குன்னு என் பெண்டாட்டி இன்னிக்குத்தான் போன் பண்ணிச் சொன்னா," என்றார். மேசையிலிருந்து அவனுடைய ஜூன் மாத உத்தரவை இழுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஜிஜீஷுக்கு அழுகையே வந்துவிட்டது. உப்பில்லாமலே வந்தது.

வாசல்வரை போனவனைச் சார் நிறுத்தினார்.

"அடுத்த மாசம் விலங்கியல் நம்பீசன் ரிட்டயர் ஆறார். அந்த ஆளை எனக்குக் கண்ணுல காட்டக்கூடாது. அதனால ரெண்டு நார்மலாப் போட்டுடு."