முள் நடுவில் நிற்கிறது

விஜயலக்ஷ்மி ஐம்பத்தொன்பதாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதை மும்பை மாட்டுங்கா மன்னித்துவிட்டது. அறுபதாவது வயதில், இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, டர்போ வைத்த பழைய வெள்ளை எஸ்.யு.வி. ஒன்றை வாங்கிவந்து கட்டடத்து வாசலில் நிறுத்தினாளே, அதைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை. மார்க்கெட் நடக்கிற தூரம். கோயில் நடக்கிற தூரம். ஸ்டேஷன் அதைவிடக் கிட்டே. இரண்டே பேர் உள்ள வீட்டுக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று இரண்டாம் மாடி பத்மஜா கேட்டதற்கு, "உக்காந்துண்டு போறதுக்குத்தான்" என்று பதில் வந்ததாம். பத்மஜா அதை இன்றுவரை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்காரர் நாணுவும் மன்னிக்காதவர்கள் கட்சிதான், அல்லது அப்படித்தான் கட்டடம் நம்பியது. ரயில்வே தணிக்கையில் முப்பத்தாறு வருஷம் பிறர் தவறுகளைப் பார்த்தே ஓய்வுபெற்றவர். அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயர் எருமை. எங்கே போனாலும் பின்சீட்டில்தான் உட்காருவார். முன்னால் உட்கார்ந்தால் உயிர் போகிறது கண்ணுக்குத் தெரியும், பின்னால் என்றால் தெரியாது என்று காரணம் வேறு.

எருமை கெட்ட பெயர் வாங்கியது போன ஞாயிறு. மகன் கௌசிக் பூனாவிலிருந்து மாமனார் மாமியாரோடு வந்திருந்தான். அந்த மாமியார் விஜயலக்ஷ்மி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாலக்காட்டு வழக்கப்படி பதிமுகப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்த ரோஜா நிறத் தண்ணீரைப் பார்த்து, "இது என்ன மருந்தா?" என்று கேட்டுவிட்டுத் தம்ளரைத் தள்ளிவைத்தாள். அது போகட்டும். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு செம்பூர் முருகன் கோயிலுக்குக் கிளம்பியாயிற்று. சயான் சிக்னலில் ஒரே நெரிசல். வெயில், ஏ.சி., ஊர்ந்து ஊர்ந்து நகரும் வண்டிகள். வெப்ப முள் மேலே ஏறியது, சிவப்பு விளக்கு கத்தியது, முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. பட்டுப்புடவைச் சம்பந்தி டாக்ஸி தேடி நடந்ததை விஜயலக்ஷ்மி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் கரோ, அம்மா," என்றான் கௌசிக் அன்று சாயங்காலம் இந்தியில். "போதும். உல்லாஸ்நகர்ல பழைய வண்டி வாங்கறவன் ஒருத்தன் இருக்கான், அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து எடுத்துண்டு போறேங்கறான். இந்த மாதிரி வண்டியெல்லாம் மெயின்டெயின் பண்றவா வேற."

"ரிப்பேர் பண்றேன். அதே ஞாயித்துக்கிழமை, அதே ரோடு. நீ பக்கத்துல உக்காரு. அந்த விளக்கு எரிஞ்சுதுன்னா சாவியை நானே அவன் கையில குடுக்கறேன்."

"டன்," என்றான் அவன், ஜெயித்துவிட்டவன் குரலில்.

நாணு பேப்பரை மடித்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அது அதிசயம்தான். எருமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவர் அதுவரை விட்டதே இல்லை.

வியாழக்கிழமை காலை விஜயலக்ஷ்மி வண்டியைத் தாராவிக்கு இழுவை வண்டியில் ஏற்றிப் போனாள். வேதமுத்துவின் காரேஜ் அங்கே இரண்டு தோல்பைக் கடைகளுக்கு நடுவில் இருக்கிறது. அவனை அவளுக்கு ஆபீஸ் நாளிலிருந்தே தெரியும். விபத்துக் க்ளெய்முக்கு மெக்கானிக்குகள் அனுப்பும் ஃபோட்டோக்களில் பழைய அடியைப் புதிய அடி என்று காட்டாதவன் அவன் ஒருவன்தான். நாசரேத் பக்கத்துக்காரன். ஞாயிறு சர்ச், மற்ற நாள் என்ஜின்.

பதினொரு மணிக்குள் என்ஜின் மேலிருந்த காற்றுக் குழாய்களையும் மேனிஃபோல்டையும் கழற்றித் தார்ப்பாயில் வரிசையாகப் பரப்பிவிட்டான். அடியில் ஒளிந்திருந்தது இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள். ஒன்றைப் பிடித்து லேசாக அழுத்தினான். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"இந்தா பாருங்கம்மா. டர்போ வண்டியில சூடு ஜாஸ்தி. டர்போவுக்குப் போற தண்ணியும் இந்த வழியாத்தான் சுத்தணும். பிளாஸ்டிக் எத்தன வருசம் தாங்கும்? இதுல விரிசல் விட்டு, சொட்டுச் சொட்டாக் கசிஞ்சு, என்ஜின் சூட்டுலயே ஆவியாப் போயிருக்கு. தரையில ஒரு துளி வுழாது. அதான் ஒங்களுக்குத் தெரியல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசமா? அப்போ தண்ணி எப்பவோ தீந்திருக்கணுமே."

"அதத்தாம்மா நானும் யோசிக்கேன்."

வடித்த தண்ணீர் ஒரு பேசினில் இருந்தது. ரோஜா நிறம். வேதமுத்து இரண்டு விரலை அதில் முக்கித் தேய்த்தான். பக்கத்தில் ஒரு டப்பாவில் என்ஜினைக் குளிர்விக்கிற புது கூலண்ட் திறந்திருந்தது, அதுவும் ரோஜா நிறம்; அதிலும் முக்கித் தேய்த்தான். "தொட்டுப் பாருங்க. இது வழவழங்குது. அது வெறும் தண்ணி. கலரு மட்டும் இருக்கு. யாரோ தெனமும் ஊத்திக்கிட்டே இருந்துருக்காவ. வெறும் தண்ணி ஊத்துனா உள்ள துருவும் சுண்ணாம்பும் அடையும், கொதியும் சீக்கிரம் வரும். கலரு வேற போட்டு ஊத்துவானா ஒருத்தன்? நான் முப்பது வருசத்துல பாத்ததில்ல."

பிறகு கூலண்ட் தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்தான். கழுத்தில் சிக்கியிருந்த ஏதோ ஒன்று தார்ப்பாயில் விழுந்தது. நகக்கண் அளவுள்ள சிவப்புச் சிராய்.

விஜயலக்ஷ்மி குனிந்து எடுத்தாள். மோந்து பார்க்கத் தேவையில்லை. நாற்பது வருஷமாகத் தினம் ஒரு பிடி அள்ளிக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிற கை அது. கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேதமுத்து பார்த்தான். பார்க்காத மாதிரி ஸ்பானரைத் துடைத்தான்.

"எம்மா," என்றான், "குழாய் ரெண்டும், டர்போ தண்ணி லைனும், தெர்மோஸ்டாட் டப்பாவும், மூடியும், உள்ள இருக்குற ரப்பர் வளையம் அத்தனையும் மாத்திருதேன். குர்லாவுல ஜமால் கடையில எல்லாம் கெடைக்கும். பழைய வளையத்த மறுபடி போடுற வேல நம்மகிட்ட கெடையாது. ஆனா ஊத்துறது யாருன்னு நீங்கதான் பாத்துக்கணும்."

டாக்ஸியில் திரும்பும்போது அவளுக்குள் கொதித்தது எந்த முள்ளுக்கும் அடங்காது. பதினொரு மாதமாக எருமை, எருமை என்று ஏளனம் செய்த மனுஷன். வாயால் முடியாததைக் கையால் முடிக்கப் பார்த்திருக்கிறார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இதற்கு ஒரு பெயர் உண்டு. வேண்டுமென்றே செய்த சேதம். அப்படிப்பட்ட ஃபைலை அவள் ஒரு நாளும் பாஸ் செய்ததில்லை.

வீட்டில் நாணு சாப்பாட்டு மேஜையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கைக்குட்டையை அவர் முன்னால் விரித்தாள்.

"இது என்னன்னு சொல்லுங்கோ."

நாணு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். தணிக்கைக்காரரிடமே சாட்சியம் வந்துவிட்டது. மறுக்கவில்லை.

"வடிகட்டித்தான் விட்டேன். அது எப்படிப் போச்சுன்னு தெரியலை."

"எதுக்காக?"

"கொறஞ்சுண்டே வந்தது. ஒரு நாள் சாய்நாத் காரைத் தொடைக்கறப்போ பானெட்டைத் திறந்து காமிச்சான். கோடு போட்டிருக்கு பாரு, அதுக்குக் கீழே போயிருந்தது. கொஞ்சம் ஜலம் விட்டேன். மறுநாளும் கொறஞ்சிருந்தது. அவன் வரதுக்கு முன்னாடி கார்த்தால அஞ்சு மணிக்கு எறங்கி நானே விட ஆரம்பிச்சேன். வெறும் ஜலம் விட்டா நிறம் வெளுத்துப் போறது. எவனாவது பாத்தா கண்டுபிடிச்சுடுவான். அதான் பதிமுகம்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"உங்கிட்டச் சொன்னா நீ கௌசிக்கிட்டச் சொல்லுவே. மறைக்கத் தெரியாது நோக்கு. அவன் வித்துடுவான்."

"விக்கட்டுமே! எருமைதானே உங்களுக்கு?"

நாணு ஒரு கத்தரிக்காயை நாலாக வகுந்து தண்ணீரில் போட்டார். "வண்டி வந்தப்பறம் நீ என்னைக் குறை சொல்றதே கொறஞ்சு போச்சு, விஜி. சிக்னல்ல நிக்கறவாளைத் திட்டறே, டாக்ஸிக்காரனைத் திட்டறே. ஆத்துக்கு வரப்போ சாந்தமா வரே. நாப்பது வருஷம் கழிச்சுக் கிடைச்ச நிம்மதி. எனக்கு வேண்டாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்று உள்ளே போய்ப் புடவை மாற்றினாள். மாற்றிக்கொண்டே யோசித்தாள். சொல்லியிருந்தால் ஒரு நாள் வேலை. சொல்லாமல் ஊற்றியதால் என்ஜினே வெந்திருக்கும். ஆனாலும் ஊற்றாமல் விட்டிருந்தால் அது என்றைக்கோ வெந்திருக்கும். எந்தப் பக்கம் கூட்டினாலும் கணக்கு சரியாக வரவில்லை. அதைவிட உறுத்தியது வேறொன்று. என் வண்டி, என் வண்டி என்று பதினொரு மாதம் ஊர் முழுக்கச் சொன்னாள். ஒரு நாள்கூட அந்த பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை. எருமை என்றவர்தான் தினம் திறந்து பார்த்திருக்கிறார்.

சனிக்கிழமை மத்தியானம் வேதமுத்து தொட்டியின் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றை ஏற்றினான். பம்பில் இருந்த முள் ஏறி நின்றது. "ஒரு மணி நேரம் எறங்காம நின்னா ஒழுக்கு இல்லன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். விஜயலக்ஷ்மி ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த முள்ளுக்கு எதிரே உட்கார்ந்தாள். தோல்பைக் கடைக்காரன் இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. முள்ளும் திரும்பவில்லை. பிறகு வேதமுத்து திரும்பிவந்து ஹீட்டரை முழுசாகப் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, தொட்டியில் குமிழி அடங்கும்வரை காத்திருந்து மூடியைத் திருகினான். ஒரு புது கூலண்ட் டப்பாவை அவள் கையில் கொடுத்தான்.

"தேவப்பட்டா இதத்தான் ஊத்தணும். தேவப்படாது. சாரு நல்லா இருக்காவளா?"

"இருக்கார்," என்றாள் அவள்.

ஞாயிறு காலை பத்து மணி. முன்சீட்டில் கௌசிக், பின்சீட்டில் நாணு. பத்மஜா பால்கனியில் துணி உலர்த்துகிற சாக்கில் நின்றாள். உலர்த்தின துணியையே மறுபடி உலர்த்தினாள் என்று கீழே சாய்நாத் சாட்சி.

சயான் சிக்னல் அன்றைக்கும் ஏமாற்றவில்லை. முன்னால் ஒரு டேங்கர், பக்கத்தில் கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற பேண்டு வண்டி, நடுவில் எருமை. ஏ.சி. முழுசாக. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். கௌசிக் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நடுவில் நின்றது. அவன் முகத்தில் ஒரு ஏமாற்றம் மெல்ல ஏறியது.

"வேதமுத்துகிட்ட ஃபோன்ல பேசினேன்மா," என்றான் கடைசியில். "யாரோ கலர் தண்ணி விட்டுண்டிருந்தான்னு சொன்னான். யாருன்னு சொல்ல மாட்டேங்கறான். நீதானே? இதத்தான் சொல்றேன். இன்னிக்கு ஓடும். நாளைக்கு மறுபடி ஏதாவது பண்ணுவே. உல்லாஸ்நகர்க்காரன் கிளம்பிட்டான்."

விஜயலக்ஷ்மி கையைக் கியரின் மேல் வைத்தாள். நான் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் என்பது. நான்தான் என்றால் வண்டி போகும். தணிக்கையில் முப்பத்தாறு வருஷம் தன்னைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவிடாமல் இருந்த மனுஷனை, மகன் எதிரில், நடுரோட்டில் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. வண்டியை விடவும் மனம் வரவில்லை. டேங்கர் ஒரு அடி நகர்ந்தது. அவளும் ஒரு அடி நகர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"அவள் இல்லைடா," என்றது பின்சீட்டு. "நான்தான். ரெண்டு மாசமா. தினம் கார்த்தால."

கௌசிக் முழுசாகத் திரும்பினான். "நீங்களா? எருமைன்னு சொல்வேளேப்பா?"

"எருமைக்கும் தண்ணி காட்டணுமோல்லியோ."

பேண்டு வண்டிக்காரன் அந்த நேரம் பார்த்து டிரம்மை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். கௌசிக் அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், முள்ளைப் பார்த்தான். மூன்றும் அசையவில்லை. அவன் பூனாவில் ஐம்பது பேரை மேய்க்கிற மானேஜர். இந்த மூன்றையும் எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவனுக்கு அன்று தெரியவில்லை.

"அப்பா, நீங்க சொல்லியிருந்தா நானே…"

"நீ வித்திருப்பே."

உண்மையிலேயே விற்றிருப்பான். ஃபோன் அடித்தது. உல்லாஸ்நகர்க்காரன். வண்டி விற்பதற்கில்லை, வீண் அலைச்சல் வேண்டாம் என்று கௌசிக் இந்தியில் சொன்னான். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "கர் மே இஸ்தெமால் ஹை," என்றான். வீட்டில் உபயோகம் இருக்கிறதாம். பத்மஜாவுக்குக் கிடைக்காத பதில் உல்லாஸ்நகர்க்காரனுக்குக் கிடைத்தது.

செம்பூரில் படி ஏறிச் சாமி பார்த்து, கௌசிக்கை அங்கேயே பூனா பஸ் ஏற்றிவிட்டார்கள். திரும்புகையில் நாணு பின்கதவைத் திறந்தார். ஒரு கணம் நின்றார். மூடிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார். அது மாட்டத் தெரியவில்லை. விஜயலக்ஷ்மி சாய்ந்து மாட்டிவிட்டாள்.

"நாளையிலேர்ந்து பானெட்டை நான் திறக்கறேன்," என்றாள். "நீங்க டார்ச் பிடிச்சாப் போறும்."

"செரி."

முதல் சிக்னலில் நாணு முள்ளை எட்டிப் பார்த்தார். "நடுவுல நிக்கறது."

"ம்."

அடுத்த சிக்னல். "நடுவுலதான் நிக்கறது. கொஞ்சம் இடதுபக்கம் சாஞ்சாப்பல இருக்கு, ஆனா நடுவுதான்."

"பாத்துண்டுதான் ஓட்டறேன்."

சயான் வந்தது. நெரிசல். நாணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "விஜி, இப்போ…"

"வாயை மூடிண்டு வரேளா? நாப்பது வருஷமா இதே தொணதொணப்பு. ஆத்துல ஒண்ணு, ஆபீஸ் ஃபைல்ல ஒண்ணு, இப்போ வண்டியிலயும் வந்தாச்சு. பின்னாடியே உக்காந்திருக்கப்படாதா?"

நாணு சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். கிடைத்த நிம்மதி அத்தோடு போயிற்று என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பின்சீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.