மேட்டைத் தொடாத துளை

ஜனுஷா உறைந்த ஏரி எதையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் கனடாவின் வடக்கே, ரோட்டே போகாத காட்டுக்குள் கிடந்த ஓர் ஏரியின் அடியில் என்ன கல் இருக்கிறது என்று நியூசிலாந்தின் ஒக்லாந்தில், தகனினியில் தன் வீட்டுச் சின்ன அறையில் இருந்தபடியே அவளால் சொல்ல முடியும். அதுதான் அவள் தொழில். டொரொன்டோவில் இருக்கும் ஒரு கம்பெனி அங்கே தங்கம் தேடிக்கொண்டிருந்தது. துளை போட்டு எடுத்த நீண்ட கல்லுருளைகளின் படங்களும் அளவுகளும் அவளுக்கு வரும். அவற்றை வைத்து, பூமிக்கடியில் எந்தப் பாறை எந்தப் பக்கம் சரிந்து போகிறது என்று கணினியில் ஓர் உருவம் கட்டுவாள்.

அந்தப் பாறைகளுக்கு வயது இருநூற்றெழுபது கோடி வருடம். ஒக்லாந்தின் எரிமலைக் குன்றுகளெல்லாம் அவற்றுக்கு முன்னால் நேற்றைய மழைக்கு முளைத்தவை. கொழும்பில் புவியியல் படித்த காலத்திலிருந்தே அவளுக்கு இந்தப் பழங்கற்களில் ஒரு பைத்தியம். நியூசிலாந்துக்கு வந்து ஆறேழு வருடம் வேறு வேறு வேலை பார்த்து, கடைசியில் கிடைத்தது இந்த ஒப்பந்தம். வீட்டை விட்டு இறங்காமலே உலகத்தின் ஆகப் பழைய நிலத்துக்குள் போய்வருகிறேன் என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஏரிக்கரையில் தங்கம் பாறையை ஊடுருவிய ஒரு வெள்ளைக்கல் நரம்பில் ஓடியது. நல்ல நரம்பு. ஆனால் ஓரிடத்தில் பாறை பிளந்து நழுவியிருந்தது. பிளவுக்கு அந்தப் பக்கம் போட்ட துளைகளிலெல்லாம் வெறுங்கல். நரம்பு முடிந்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட பிறகும் ஜனுஷா விடவில்லை. பழைய படங்களை மறுபடி மறுபடி பார்த்து, அறுந்த துண்டு கிழக்கே நகர்ந்து கீழே இறங்கியிருக்கிறது, ஏரிக்கடியில்தான் தேட வேண்டும் என்று காட்டினாள். திட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த ஏரம்பமூர்த்தி அதை நம்பினார். பருத்தித்துறையிலிருந்து எண்பதுகளில் கனடா போனவர். தலைமையகத்தோடு மல்லுக்கட்டி ஒரே ஒரு துளைக்கு அனுமதி வாங்கினார். யந்திரங்கள் போய்வர உறைபனிமேல் போட்டிருந்த பனிப்பாதை உருகுவதற்குள் அதைப் போட்டு முடிக்க வேண்டும்.

துளை போட ஆக வாய்ப்பான இடம் ஏரிக்கரையிலிருந்த ஒரு சிறு மேடு. அங்கிருந்து இறக்கினால் நரம்பை நேர் குறுக்கே வெட்டலாம். காலையில் நடந்த வீடியோக் கூட்டத்தில் ஜனுஷா அந்த மேட்டைச் சுட்டிக் காட்டினாள். ஏரம்பமூர்த்தி தலையாட்டினார். மற்றச் சதுரத்தில் எல்மர் இருந்தார். அந்த நிலத்தின் முதற்குடி மக்களின் ஊர்ச்சபை சார்பில் திட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பது வயதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது எல்மர் தனியே அழைத்தார்.

“அந்தத் துளையை வேற எங்கயாவது போடேலாதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஜனுஷா பொறுமையாக விளக்கினாள். சரிவு, கோணம், நரம்பு இறங்கும் திசை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். அவள் பேசி முடித்த பிறகும் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

“அந்த மேட்டில பிள்ளைகள் இருக்கினம்” என்றார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவர் பிறப்பதற்கு முந்திய ஒரு குளிர்காலம். ஏரிக்கரையில் வேட்டைக்கென்று கூடாரம் அடித்திருந்த குடும்பங்களுக்குள் காய்ச்சல் புகுந்தது. கைக்குழந்தைகள்தான் போனார்கள். உறைந்த மண்ணில் நெருப்பு மூட்டி, இளக்கி, தோண்டிப் புதைத்தார்கள். அவருடைய மூத்த அக்காவும் அவர்களில் ஒருத்தி.

“வரைபடத்தில குறிச்சிடலாம். குறிச்சா ஆரும் தொடமாட்டினம்” என்றாள் ஜனுஷா அவசரமாக.

“வேண்டாம். குறிச்சா பார்க்க வருவினம். படம் எடுப்பினம். தோண்டிப் பார்க்கோணும் எண்டு ஒருத்தன் வருவான். எங்கட ஆக்கள் வெளியில ஒருத்தருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லுறன், ஏனெண்டா அந்தப் புள்ளியை வைச்சது நீங்கள்.”

அவள் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். சிவப்பு நிறத்தில் அவளே வைத்தது. நரம்பைக் கண்டுபிடித்த சந்தோசத்தில், அந்த மேட்டில் யாராவது நடந்திருப்பார்களா என்ற யோசனைகூட அவளுக்கு வந்திருக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எல்மரிடம் சொன்னாள்.

அன்று பின்னேரம் அவள் கணவன் சுலக்ஷன் வேலை முடிந்து வந்தான். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். மோட்டர்வேயில் ஊர்ந்து வந்த எரிச்சலோடு சப்பாத்தைக் கழற்றியவன், அவள் முகத்தைப் பார்த்ததும், “என்ன ஜனு, வேலை போயிட்டுதோ?” என்றான்.

வீட்டில் சொல்லலாமா என்று அவள் எல்மரிடம் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள். இந்த மனிதனிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. சுலக்ஷன் குசினிக் கதவில் சாய்ந்தபடி கேட்டான். அவள் முடித்தபோது அவன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

“அம்மாவை ரோட்டுக்கரையிலதான் வைச்சனாங்கள்” என்றான்.

ஜனுஷா அடுப்பை நிறுத்தினாள். வன்னியில் கடைசி யுத்தத்தில் அவனுடைய அம்மா செல் குண்டு பட்டுச் செத்தது அவளுக்குத் தெரியும். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து போன வழியில் என்று அவன் ஒரு தடவை சொன்னதோடு சரி. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். மேற்கொண்டு கேட்க அவளுக்கு எப்போதும் ஒரு கூச்சம் இருந்தது.

“ஒரு பூவரசுக்குப் பக்கத்தில. நானும் தம்பியும் கிண்டினனாங்கள். ஆழமாக் கிண்ட நேரமில்லை. போன தடவை ஊருக்குப் போனப்ப, சிநேகிதனைப் பார்த்திட்டு வாறன் எண்டு உமக்குச் சொல்லிப்போட்டுப் போனன் எல்லோ? அங்கதான் போனனான். ரோட்டை அகலமாக்கிப்போட்டாங்கள். நல்ல தார் போட்ட காபெட் ரோட்டு. பூவரசும் இல்லை. வாகனத்தை விட்டிறங்கி, எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுறது எண்டு தெரியாமல் நிண்டன்.”

அவள் வந்து அவன் தோளில் கை வைத்தாள். அவன் அழவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்து, “அந்த மனுசனுக்கு நீர் என்ன சொன்னனீர்?” என்று கேட்டான்.

“இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.”

“அவர் கேட்டுப்போட்டு அங்க காத்துக்கொண்டிருப்பார்” என்றான் சுலக்ஷன்.

மறுநாள் முழுவதும் அவள் திரையை விட்டு எழும்பவில்லை. துளையை மேட்டிலிருந்து எடுத்து ஏரியின் பனிமேல் வைத்துப் பார்த்தாள். அப்படியானால் துளை நீளமாகும். நரம்பைக் குறுக்கே வெட்டாமல் சாய்வாகத்தான் உரசிக்கொண்டு போகும். நீளமான துளை நேரே போகாது. கடினமான பாறையில் பட்டு மெல்ல மெல்ல மேலே வளையும். வளைந்தால் நரம்பின் நல்ல பகுதியைத் தவறவிடலாம். எல்மரைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் பனி தடிப்பு, மீன் முட்டையிடும் இடத்துக்கு இடைஞ்சல் வராத பக்கம் எது என்று கேட்டாள். அவர் ஒரு குடாவைச் சொன்னார். துளை அந்தக் குடாவிலிருந்து, மேட்டுக்கு அடியாலும் போகாமல், ஏரிக்குள்ளேயே இறங்கும்படி வைத்தாள்.

பிறகு ஏரம்பமூர்த்திக்கு அழைப்பெடுத்தாள்.

“என்ன பிள்ளை இது?” என்றார் அவர், புதுப் படத்தைப் பார்த்துவிட்டு. “முந்தினதுதானே நல்லது எண்டு நீர்தானே சொன்னனீர்?”

“ஓம் அண்ணை. இப்பவும் கல்லைப் பொறுத்தவரைக்கும் அதுதான் நல்லது. ஆனா அந்த மேடு வேண்டாம் எண்டு அந்தச் சனம் சொல்லுது.”

“ஏனாம்?”

“அதை நான் சொல்லேலாது. கேளாதேங்கோ அண்ணை.”

“மேலிடத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? கிடைச்சிருக்கிறது ஒரு துளை. அதையும் வளைஞ்சு போற மாதிரிப் போடப்போறன் எண்டு சொல்லட்டோ?”

“ஊர்ச்சபை சம்மதிச்ச இடம் இதுதான் எண்டு சொல்லுங்கோ. அது உண்மைதானே. துளை வளையக்கூடும் எண்டதையும் மறைக்க வேண்டாம். நான் என்ர பேரிலயே எழுதித் தாறன்.”

மறுபக்கத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது தெரிந்தது. கோபமா, யோசனையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஜனுஷா, நான் இந்தத் தொழிலில முடி நரைச்சவன்” என்றார் கடைசியில். “காரணம் சொல்லாமல் ஒரு சனம் வேண்டாம் எண்டால், சொல்லேலாத காரணம் எண்டு அர்த்தம். அதை நான் தோண்டப் போறேல்லை. ஆனா ஒண்டு தெரிஞ்சு வைச்சிரும். துளை பிழைச்சால் திட்டத்தை மூடிப்போடுவாங்கள். உம்மட வேலையும் அதோட சரி.”

“தெரியும் அண்ணை.”

“அப்ப சரி. பனியை இன்னும் தடிப்பாக்கச் சொல்லுறன்.”

குடாவின் பனிமேல் தண்ணீர் இறைத்து, இறைத்ததை உறையவிட்டு, யந்திரத்தை ஏற்றினார்கள். தகனினியில் அப்போது கோடை முடியும் வெயில். ஒவ்வொரு காலையும் கல்லுருளைகளின் புதுப்படங்கள் வந்தன. முதலில் கரும்பச்சைப் பாறை. பிறகு நொறுங்கிய பிளவு. பிளவுக்கு அப்பால் வெறும் பச்சைக்கல்லாகவே வந்துகொண்டிருந்தது. அளவுகளைப் பார்த்தால், அவள் பயந்தபடியே துளை மேலே வளைந்துகொண்டு போனது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் படத்தைத் திறந்தவள், “சுலக்ஷன்!” என்று வீடு அதிரக் கூப்பிட்டாள். சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்ட அவன் ஓடிவந்தான். பச்சைக்கல்லின் நடுவே வெள்ளைவெளேரென்று நரம்பு. அவள் சொன்ன இடத்தை விடச் சற்று மேலே, ஆனால் சந்தேகமில்லாமல் அதே நரம்பு.

“இதுக்குள்ள தங்கம் இருக்கோ?”

“இனித்தான் பார்க்கோணும்” என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

ஆய்வுகூடத்து முடிவு வந்தது. தங்கம் இருந்தது, மிகக் கொஞ்சமாக. தோண்டி எடுக்குமளவுக்கு இல்லை. நரம்பின் நல்ல பகுதி இன்னும் கீழேயா, இல்லை அங்கேயும் இவ்வளவுதானா என்பதை அறிய இன்னொரு துளை வேண்டும். அதற்கு முன்பே பனிப்பாதை இளகத் தொடங்கிவிட்டது. தலைமையகம் வேறொரு மாகாணத்துக்குப் போக முடிவெடுத்தது. ஏரம்பமூர்த்தி தானே அழைத்துச் சொன்னார்.

“உம்மட கணக்குச் சரி, பிள்ளை. நரம்பு அங்கதான் கிடந்தது. மேட்டில இருந்து போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் எண்டு எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது. அதைப் போட்டுக் குழப்பிக்கொண்டிராதேயும்.”

அவள் குழப்பிக்கொள்ளத்தான் செய்தாள். சில நாள் பாத்திரம் கழுவும்போதும் அந்தக் கோணங்கள் மனதில் ஓடின. ஆனால் மேட்டில் வைத்த சிவப்புப் புள்ளியைத் திரும்பவும் அங்கேயே வைக்க ஒரு தடவைகூட அவளுக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்த மாதமே வேலை தேடினாள். ஒக்லாந்தில் பெய்த பெருமழைக்குப் பிறகு சரிந்த வீட்டு வளவுகளைப் பார்க்கும் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. இப்போது ஹில்ஸ்பரோ பக்கத்து வீடுகளின் பின்வளவுகளில் சேறு படிந்த சப்பாத்தோடு நின்று, இந்த மண் இன்னும் சரியுமா என்று பயந்துபோய்க் கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறாள். இருநூற்றெழுபது கோடி வருடத்துக் கல் இல்லை. ஆனால் கேட்பவரின் முகம் எதிரே இருக்கிறது. அது தனக்குப் பிடித்திருப்பதை அவளே எதிர்பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை எல்மர் வீடியோவில் வந்தார். படகிலிருந்தபடி, பனி விலகிய ஏரியைத் திருப்பிக் காட்டினார். தூரத்தில் சின்னப் பைன் மரங்கள் நின்ற அந்த மேடு தெரிந்தது. வேலை போனதைக் கேள்விப்பட்டேன், மனதுக்குக் கஷ்டமாயிருந்தது என்றார். வேறு வேலை கிடைத்துவிட்டது என்று அவள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த சுலக்ஷனை அவள் அறிமுகம் செய்தாள். அவனுடைய அப்பா மன்னாரில் மீன்பிடித்தவர் என்று அறிந்ததும் எல்மர் படகிலிருந்த வலையைத் தூக்கிக் காட்டினார். சுலக்ஷன் போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான். பனிக்கடியில் வலையை எப்படி விடுவீர்கள், கயிற்றை அந்தப் பக்கம் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று அவன் உடைந்த ஆங்கிலத்தில் கேட்பதும், அவர் விளக்குவதும், விளக்கியது பிடிபடாமல் இருவரும் சிரிப்பதும் கேட்டது. ஜனுஷா காலைச் சாப்பாட்டுக்குப் புளித்த மாவைக் கரைத்து, அப்பத்துக்குச் சட்டியை அடுப்பில் வைத்தாள். அவர்களுடைய கதை இப்போதைக்கு முடியும்போல் இருக்கவில்லை.