முழங்கை விடுப்பு

மனித குல வரலாற்றில் இதற்கு முன் நடவாததும், இனி நடக்கக் கூடாது என்று தலைமை அலுவலகம் சுற்றறிக்கை விட்டதுமான ஒரு நிகழ்ச்சியை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது: விடுப்புப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வலது முழங்கையால் அழத் தொடங்கினார்.

கண்கள் காய்ந்தே இருந்தன. மருத்துவர் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கண்ணீர்தான், உப்பு அளவாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் தம்பி மகளின் கல்யாணப் பத்திரிகையில் கண்காணிப்பாளரின் பெயர் மூன்றாவது வரியில், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கீழே அச்சாகியிருந்தது. அவர் போகவில்லை; ஏன் வரவில்லை என்று தம்பி கேட்கவுமில்லை. அதோடு பேச்சு நின்றது. அந்தச் செவ்வாய்க்கிழமைதான், தம்பிக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்து, தேறி, வேலைக்கும் திரும்பிவிட்டதை லிஃப்ட்காரர் போகிற போக்கில் சொன்னார். "உங்களுக்குத் தெரியாதா சார்?" "தெரியும், தெரியும்" என்றார் இவர். மூன்றாவது மாடி வருவதற்குள் சட்டைக் கை நனைந்துவிட்டது.

ஏழு நாள் துக்க விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார்.

"யாரு சார் தவறிட்டாங்க?" என்றார் மேலாளர்.

"யாரும் தவறல. தம்பி நல்லாத்தான் இருக்கான்."

"அப்ப எதுக்கு சார் துக்கம்?"

"எனக்கென்ன தெரியும்? கையைக் கேளுங்க."

சான்றிதழ் இல்லாத துக்கம் துக்கமாகாது என்று விதி எழுதியவரே கண்காணிப்பாளர்தான்; விட்டுப் போன மனைவிக்காகவும் முறித்துக்கொண்ட நண்பனுக்காகவும் லீவு கேட்டவர்களை அதைக் காட்டித்தான் விரட்டினார். சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து எழுதித்தர வேண்டும் என்பதும் அவர் விதியே. செத்தவர் எப்படி வருவார் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

விசாரணை பதினான்கு மாதம் நடந்தது. மேசைக்கடியில் பாசி பிடித்தது. கடைசியில் தம்பி வந்தார், இடது முழங்கால் சொட்டச் சொட்ட. டைப்பிஸ்ட் அம்மாள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, நடுவில் தானும் உட்கார்ந்தார்.

"பேனா வேணுமான்னு கேளும்மா" என்றார் அண்ணன்.

"இருக்குன்னு சொல்லுங்க."

"ரொம்ப இளைச்சுட்டானே, சாப்பிடறானான்னு கேளு."

தம்பி பேனா மூடியைக் கழற்றினார். நெடுநேரம் யோசித்து ஒரே வரி எழுதினார்: 'நான் உயிரோடுதான் இருக்கிறேன், ஆனாலும் அண்ணனுக்கு லீவு கொடுக்கலாம்.' எழுந்து, அண்ணனைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. சம்பந்தப்பட்டவர் உயிரோடிருப்பதால், அரை நாள் மட்டும்.