பதினோராவது தலை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று போடியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். மூன்று கம்பெனி ஆரம்பித்தவளுக்கு அது வேறெங்கே இருக்கும்?

முதல் கம்பெனி ஜீப்பு. விடியற்காலையில் போடியிலிருந்து மலைப்பாதையில் மெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டுபோகும் ஜீப்புகளில் போனிலேயே இடம் பிடிக்கும் ஆப். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். ஒரு டிரைவரும் மசியவில்லை. தலை நிறையாமல் எடுக்க மாட்டார்கள். சாயங்காலம், காலையில் ஏற்றிய தலை அத்தனையும் வந்து உட்காராமல் இறங்கவும் மாட்டார்கள். ஒருத்தி செருப்பைத் தேடினால் மற்றவர்கள் எல்லோரும் காத்திருப்பார்கள். "காளீஸ்வரி, ஒன் போனு மணியப் பாக்கும், நான் ஆளப் பாக்குறேன்" என்றார் ஜக்கையன் அண்ணன், பஸ் ஸ்டாண்டே சிரிக்கும்படி. எட்டே மாதத்தில் மூடினேன்.

இரண்டாவது, ஏலக்காயின் ஈரத்தை அளந்து சொல்லும் மிஷின். வியாபாரிகள் நாலு காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு மிஷினை என்னிடமே நீட்டினார்கள். அதையும் மூடினேன்.

மூன்றாவது நாய். "நாய்க்கு ஹாஸ்டலா?" என்று கேட்காத வாய் ஊரில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே தொண்டை கட்டியது. போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே ரோட்டை ஒட்டி ஒரு பழைய தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். வெளியூர் போகிறவர்கள் நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போகலாம். என்னோடு இன்ஜினியரிங் படித்த சிவக்குமார் கூட்டாளி. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கழுத்துப்பட்டை. நாய் எங்கே நிற்கிறது, உடம்புச் சூடு எவ்வளவு என்று சொந்தக்காரர் போனில் மேப்போடு காட்டும். இரண்டே வருஷத்தில் மதுரையிலிருந்தெல்லாம் கார் வந்தது. பெங்களூர்க் கம்பெனி ஒன்று எங்களை விலைக்குக் கேட்டது.

போன ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. நாள் முழுக்க எங்கள் மேப்பைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அந்தக் கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். காலை பத்து மணிக்குத் தேனியிலிருந்து ஒருவர் போனில் அலறினார்.

"என் ரோஜருக்கு அம்பத்திரண்டு டிகிரி காய்ச்சல்னு காட்டுதே! உசுரோட இருக்கானா இல்லையா?"

மேப்பைத் திறந்தேன். பதினொரு நாயும் ஒரே இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக. பதினொன்றுக்கும் ஐம்பதுக்கு மேல் சூடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூடு காட்டும் கட்டம் மறைந்துபோனது. சிவக்குமாரைக் கூப்பிட்டேன்.

"என்னடா பண்ண?"

"மறைச்சிட்டேன். ஏதோ மக்கர் பண்ணுது. எடம் சரியாத்தானே காட்டுது? இன்னைக்கு அது போதும்."

அவனைத் திட்டிக்கொண்டே மழையில் மெட்டு ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு புது வசவு கிடைத்தது.

தோட்டத்தில் நாய்களைப் பார்த்துக்கொள்வது மொக்கம்மாள் அக்கா. முப்பது வருஷம் ஏலக்காய் பறித்தவள். பட்டை எங்கே என்று கேட்டதும், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்கு என்னைக் கூட்டிப்போனாள். அதைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். மழைக்காலத்தில் அடுப்பு அணையாது. உள்ளே கம்பியில், அவளுடைய போர்வைக்கும் என் பழைய மழைக்கோட்டுக்கும் நடுவில், பதினொரு கழுத்துப்பட்டையும் வரிசையாகத் தொங்கின.

"ஈரத்துல ஊறிக் கெடந்துச்சு ஆத்தா. கழுத்து புண்ணாயிருமேன்னு விடியக்காலம் கழட்டிக் காயப் போட்டேன்."

அடைமழையில் நனைந்தது எதுவானாலும் மலையில் ஸ்டோருக்குத்தான் போகும். பள்ளிக்கூடப் புத்தகம் போகும், கைக்குழந்தைத் துணி போகும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கத்தினேன். "அறிவிருக்காக்கா ஒனக்கு? ஒரு பட்டை என்ன வெலன்னு தெரியுமா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தி முடித்துவிட்டு நாய்களை எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்துதான்.

மிட்டாயைக் காணோம்.

மிட்டாய் பொற்கொடி அக்காவின் நாய். போடியில் தையல் கடை வைத்திருப்பவள், ஒண்டிக்கட்டை. வீட்டில் அவளும் அந்த நாயும்தான். விழித்திரை ஆபரேஷன் முடிந்து மதுரையில் தங்கை வீட்டில் கிடந்தாள். பத்து நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும், தலையைத் தூக்கினால் கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேப்பு பார்க்க முடியாது. அதனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுவாள். நான் போனை மிட்டாயின் காதருகே வைப்பேன். அவள் "ஏட்டி மிட்டாய்" என்பாள், அது முனகும். அப்புறம்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

வேலியோரம் மண் சரிந்து, ஒரு நாய் நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது.

"எப்பக்கா போச்சு? எண்ணிப் பாக்க மாட்டியா?"

"அந்தியும் சந்தியும் எண்ணிக்கிட்டுத்தானே ஆத்தா இருந்தேன்" என்றாள் மொக்கம்மாள். "நீதான் எண்ணாத, மேப்பு எண்ணிக்கிரும்னு சொன்ன."

சொன்னேன். இதே வாயால்தான் சொன்னேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஓடை, சரிவு, பக்கத்துத் தோட்டம் என்று மூன்று மணிவரை இருவரும் தேடினோம். அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். மறுபடி சிவக்குமாரைக் கூப்பிட்டேன்.

"யார்ட்டயும் வாயத் தொறக்காத காளி. மேப்புல பதினொண்ணும் இருக்குல்ல?"

"மேப்புல இருந்து என்னடா செய்ய? ஆறு மணிக்கு அந்தக்கா கூப்பிடும்."

"வேற நாய ஒண்ணக் கொரைக்க விடு. கண்ணுல கட்டோட கெடக்குறவுகளுக்கு எது கொரைச்சா என்ன? உண்மையச் சொன்னா எந்திரிச்சு ஓடி வருவாக, கண்ணும் போகும். பாவம் அது ஒனக்குத்தான்."

அடப்பாவி! சண்டாளன் பேச்சில் ஒரு நியாயமும் இருந்து தொலைத்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

கேரளத்துப் பக்கத் தோட்டங்களிலிருந்து இறங்கும் ஜீப்புகளை நாலு மணியிலிருந்து எங்கள் வாசலில் நின்று மறித்துக் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. நாயைத் தேடுகிறாளாம் என்று ஒரு ஜீப்பில் சிரித்தார்கள். சிரித்தவளின் பரம்பரையையே இழுத்தேன். ஆறு மணிக்குள் எல்லா ஜீப்பும் இறங்கிவிட்டன, ஜக்கையன் அண்ணனுடையதைத் தவிர.

போன் அடித்தது.

"காளீஸ்வரி, மிட்டாய்ட்ட குடும்மா."

பத்து நாயும் பின்னால் குரைத்துக்கொண்டுதான் இருந்தன. போனை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். கை திரும்பவில்லை.

"அக்கா, மிட்டாயக் காணோம். காலையிலருந்து தேடுறேன். நீ மட்டும் எந்திரிச்சிராத, ஒன் கால்ல விழுறேன்."



"காலையிலருந்தா? இப்பச் சொல்ற?" என்றாள். பிறகு கட்டில் கிரீச்சிடும் சத்தம். "விடுடி என்னய! நான் போறேன், நான் கூப்பிட்டாத்தான் அவ வருவா!" தங்கை அழுதுகொண்டே தடுப்பது கேட்டது. நான் ரோட்டில் நின்று "எந்திரிக்காதக்கா, எந்திரிக்காத" என்று பைத்தியக்காரி மாதிரி கத்தினேன்.

மேல் வளைவில் ஹாரன் கேட்டது. ஜக்கையன் அண்ணனின் ஜீப்பு வந்து வாசலில் நின்றது. பெண்களின் கால்களுக்கு நடுவிலிருந்து, உடம்பெல்லாம் சகதியோடு மிட்டாய் குதித்தது. பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்துப் போனை அதன் வாயருகே வைத்தேன்.

"கூப்பிடுக்கா!"

"ஏட்டி… மிட்டாய்?"

அது முனகியது. பிறகு மலை அதிரக் குரைத்தது. அந்தப் பக்கம் பொற்கொடி அக்கா ஓவென்று அழுதாள். "படுத்துட்டாக, படுத்துட்டாக" என்று தங்கை சொன்னாள்.

ஜக்கையன் அண்ணன் இறங்கி வந்து என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். "காலையில ஒன் வாசல்ல ஏறுன பொம்பளைக பின்னாடியே சீட்டுக்கடியில வந்து படுத்துக்கிருச்சு. மேல போயித்தான் பாத்தோம். அங்கன டவர் ஏது, ஒனக்குப் போன் போட? எறங்குற நேரத்துல காட்டுக்குள்ள ஓடிப்போச்சு. முக்கா மணி நேரம் நிக்கிறோம், பொம்பளைக என்னய வையுதுக. ஏத்திட்டுப் போன தலைய விட்டுட்டு எப்படி எறங்குறது? நீயெல்லாம் நாய் வளக்குற!"

என்ன திட்டினாலும் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பித் தருகிறவள் நான். அன்றைக்கு அவர் திட்டத் திட்டத் தலையாட்டினேன்.

போனில் பொற்கொடி அக்கா இன்னும் இருந்தாள். அழுகை நின்று, குரல் தணிந்திருந்தது.

"நாளைக்கு என் தங்கச்சி வந்து மிட்டாயக் கூட்டிக்கிருவா."

"அக்கா…"

"ஊரே ஒன் மேப்பப் பெருமையாச் சொல்லுச்சு. எனக்குத்தான் கண்ணே தெரியலையே, நான் மேப்பப் பாத்தா விட்டேன்? ஒன்னய நம்பித்தானே விட்டேன்." வைத்துவிட்டாள்.

அடுத்த நிமிஷமே சிவக்குமார். சந்தோஷத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "காளி! பெங்களூர்க்காரங்க ஓகே சொல்லிட்டாங்க! நாள் பூரா பதினோரு நாயும் வேலியத் தாண்டி ஒரு அடி அசையலையாம். இப்படி ஒரு சிஸ்டத்தப் பாத்ததே இல்லையாம்!"

"அவனுக நம்பர அனுப்பு."

"எதுக்கு?"

"அசையாததெல்லாம் கம்பியில காஞ்சுக்கிட்டிருந்துச்சுன்னு நானே சொல்றேன். அனுப்புடா!"

அவன் கத்த ஆரம்பித்தான். துண்டித்தேன்.

மொக்கம்மாள் ஒரு பழைய சேலையால் மிட்டாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் கத்தியது உறுத்த, அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"எண்ணுக்கா" என்றேன்.

ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். பதினொன்று.

"நான் எண்ணிட்டேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "நீயும் ஒருக்கா எண்ணு."