உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்

நாற்பது நிமிடத் தேர்வில் இருபத்தொரு நிமிடம் ஓடிவிட்டது. என் ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. சுற்றிலும் எல்லோரும் மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இருந்தால் மற்றவர்களைப் போல வேலை பார்ப்பேன். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டுதான் மேற்கு மாம்பலத்திலிருந்து தி. நகருக்கு வந்திருந்தேன். கொண்டுவரலாமா என்று மூன்று முறை மெயில் போட்டுக் கேட்டு, தாராளமாக என்று பதிலும் வாங்கியாயிற்று. பதில் போட்ட புண்ணியவானுக்கும் இந்த அறைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை போலிருக்கிறது.

“அதான் சொருகிட்டோமே, ரத்னா மேடம்,” என்றார் மேற்பார்வையாளர் நிரஞ்சன்.

“வெளியில இருக்கிற கம்ப்யூட்டர்ல சொருகியிருக்கீங்க சார். டெஸ்ட் அதுக்குள்ள ஓடுற வெர்ச்சுவல் மெஷின்ல, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டர்ல நடக்குது. அதுக்குப் பென் டிரைவ் வந்ததே தெரியாது. மேல மெனுவுல யூ.எஸ்.பி.ன்னு இருக்கும். அதுல டிக் பண்ணா உள்ள போயிடும்.”

அவர் சிரித்தார். நான் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். “அதுக்கெல்லாம் பர்மிஷன் வேணும் மேடம். நான் படிச்சுக் காட்டுறேன், நீங்க ஆன்சர் மட்டும் சொல்லுங்க, போதும்.”

கோயில் வாசலில் சில்லறை போடுகிறவரின் கனிவு அந்தக் குரலில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடிக்கையாளர்களின் புகாரைப் படித்துப் பதில் எழுதும் வேலை இது. இதையே வேறொரு கம்பெனியில் ஏழு வருஷம் செய்தவள் நான். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். இந்த வேலை எனக்கு வேண்டும், ஆனால் இவர் வாயால் வேண்டாம்.

“வேலைக்கு வந்தப்புறமும் தினம் எட்டு மணி நேரம் நீங்களே படிச்சுக் காட்டுவீங்களா சார்?”

யாருக்கோ போன் போட வெளியே போனார். போகும்போது தேர்வுக் கடிகாரத்தை நிறுத்தச் சொன்னதற்கு, அது தானாக ஓடுவது, நிறுத்த முடியாது என்றார்.

“இன்னாக்கா, எங்க கீது அந்த மெனு?” பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு பெண் குரல். “நான் அமுக்குறேன்.”

“உங்க டைம் போயிடுமே?”

“போனா போவுது. அஸ்மத்துன்னிசா எம் பேரு. சொல்லு.”

சொன்னேன். தேடிப் பிடித்துத் தட்டினாள். பென் டிரைவைப் பிடுங்கியது போல வெளி கம்ப்யூட்டர் ஒருமுறை முனகியது. உள்ளே ஒரு மணி அடித்தது. உள்ளே அந்த டிரைவுக்கு என்ன இங்கிலீஷ் எழுத்து காட்டுகிறது என்று கேட்டேன். “ஈ” என்றாள். மென்பொருளைத் தொடங்கும் கட்டளையை என் விரல்களே அடித்தன.

“யாரைக் கேட்டு அவங்க சிஸ்டத்தத் தொட்டீங்க?” நிரஞ்சன் கத்திக்கொண்டே வந்தார். அதற்குள் என் காதில் குரல் வந்துவிட்டது. மீதம் ஒன்பது நிமிடம். ஒன்பது போதும், எனக்கு வேகம் உண்டு. முதல் கேள்விக்குப் போனேன்.

“கீழே உள்ள படத்தைப் பார்த்து விடையளிக்கவும்,” என்றது குரல். பிறகு, “படம். விவரம் இல்லை.”

அடுத்ததும் படம். அதற்கடுத்ததும்.

கையை உயர்த்தினேன். “சார், எல்லாக் கேள்வியும் படத்தைப் பாருங்குது. நான் எதைப் பாக்குறது?” அறை முழுக்கக் கேட்கும்படிதான் கேட்டேன். மவுஸ் சத்தங்கள் நின்றன.

“கைய இறக்குங்க மேடம்.”

நான் இறக்கவில்லை. பக்கத்தில் அஸ்மத்துன்னிசா கையைத் தூக்கினாள். அவள் கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக முழங்கைப் பக்கம் சரியும் சத்தம் கேட்டது.