மேல் பெட்டியில் வைத்த மருந்து

ஞானம்மா ஃபிரிட்ஜின் மேல் பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எத்தனை தரம் திறந்தாலும் அதே காட்சிதான். பன்னிரண்டு குப்பிகளும் கல்லாக உறைந்திருந்தன. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இப்போதுதான் படித்தாள். உறையக் கூடாது, உறைந்தால் கொட்டிவிட வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. நேற்றே படித்திருக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் மழையோடு மழையாக, ரோட்டோரத்துக் கம்பெனியின் டாக்டர் ஜீப்பில் வந்து அதைக் கொடுத்துவிட்டுப் போனார். ஃபுளூ காய்ச்சல் வராமல் தடுக்கும் ஊசியாம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததாம். கம்பெனி ஃபிரிட்ஜ் ரிப்பேர். "ஒரு ராத்திரி மட்டும் வெச்சிருங்க சிஸ்டர். வைரஸ் வேக்சின், பத்திரம்" என்றார். சேரப்பணஞ்சேரி ஆரம்ப சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜ் சாவி பதினெட்டு வருஷமாக ஞானம்மாவின் இடுப்பில்தான் இருக்கிறது. வைரஸ் மருந்து மேலே, மற்றது கீழே. போலியோ சொட்டும் தட்டம்மை ஊசியும் ஐஸ் பெட்டிக்குள் போகும், முத்தடுப்பும் டெட்டனஸும் கீழ்த்தட்டில் இருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதனால்தான் வந்த விருந்தாளியை இருப்பதிலேயே நல்ல அறையில் படுக்க வைப்பதுபோல, இதையும் மேலே வைத்தாள்.

பதினொன்று கம்பெனி ஆபீசர்களுக்கு. பன்னிரண்டாவது, அவள் வாய்விட்டுக் கேட்டு வாங்கியது. பதினெட்டு வருஷத்தில் அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இதை அம்சவல்லிக்காகக் கேட்டாள்.

அம்சவல்லி அங்கே பெருக்கித் துடைப்பவள். சின்ன வயசில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது. இன்னொரு தரம் சளி நெஞ்சுக்கு இறங்கினால் தாங்காது என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இப்போது பக்கத்து ஊரான வடக்குப்பட்டில் ஒரு வாரமாக வீட்டுக்கு வீடு காய்ச்சல். தயார் நிலையில் இருக்கவும் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது, கூடவே ஒரு டப்பா பாரசிட்டமால் வந்தது. தயார் நிலை அவ்வளவுதான்.

ஞானம்மாவின் புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் ஜெர்சி மஸ்கட்டில் நர்ஸ், கடிதம் இரண்டு மாசத்துக்கு ஒன்று. காலையில் வாசல் பெருக்கி முடித்து, குவார்ட்டர்ஸ் படியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகும் அம்சவல்லியின் அரை மணிநேரப் பேச்சுதான் அவளுக்கு ஒரு நாளில் கிடைக்கிற மனுஷப் பேச்சு. மற்றதெல்லாம் நோயாளிகளின் பேச்சு.

வெளியே எடுத்து மேஜைமேல் வைத்ததில் எட்டு மணிக்குள் ஐஸ் உருகிவிட்டது. குப்பிகள் பழையபடி நல்லபிள்ளையாக நின்றன. கெட்டதற்கு ஒரு அடையாளம் இல்லை. அந்த நேரம் பார்த்து அம்சவல்லி ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்தக் கையா, அந்தக் கையா நர்சம்மா?"

போட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அவள் முகம் மலர்ந்துபோகும். அப்புறம் ஊசி போட்டாயிற்று என்ற தைரியத்தில் இருமுகிறவர்கள் நடுவே போய்த் தரை துடைப்பாள். ஞானம்மா பன்னிரண்டு குப்பியையும் ஒவ்வொன்றாகத் திறந்து தொட்டியில் ஊற்றினாள். வைத்திருந்தால் தன்னையே நம்ப முடியாது என்று பயந்தாள்.

"மருந்து கெட்டுப்போச்சு அம்சா. நான்தான் கெடுத்தேன்."

அம்சவல்லி கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "வுடு நர்சம்மா. வேணும்னா செஞ்ச?"

கம்பெனி டாக்டர் வந்து காலிக் குப்பிகளைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம், திட்டவில்லை. "அடுத்தது எப்ப வரும் டாக்டர்?" என்று கேட்டாள். "அடுத்த வருஷம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றே அம்சவல்லியைக் கூப்பிட்டுச் சொன்னாள். "காய்ச்சல் அடங்கற வரைக்கும் இந்தப் பக்கம் வராத. பெரிய டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"வாசல் குப்பையா கீதே, யாரு பெருக்குவா?"

"கெடக்கட்டும்."

"நீ யார்கூட காபி குடிப்ப?"

ஞானம்மா மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசல் பெருக்கியிருந்தது. கூட்டம் சேருவதற்கு முன்னால், விடிந்தும் விடியாமலும் வந்து பெருக்கிவிட்டுப் போயிருக்கிறாள். ஈர மணலில் கேட்டிலிருந்து படி வரைக்கும் துடைப்பக் கோடுகள், படியருகே இரண்டு காலடிகள். அங்கே கொஞ்சநேரம் நின்றிருக்கிறாள். கோபப்பட வேண்டிய ஞானம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. எழுந்து வந்து தடுக்கலாம் என்று ஒவ்வொரு ராத்திரியும் நினைத்தாள், விடியும்போது படுத்தே கிடந்தாள். இப்படி மூன்று நாள். காய்ச்சல் சேரப்பணஞ்சேரிக்கும் வந்துவிட்டது. வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனது.

நாலாம் நாள் கதவைத் திறந்தாள். துடைப்பக் கோடுகள் கேட்டிலிருந்து கைப்பம்பு வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டிருந்தன. அதற்கு இப்பால் நேற்றைய வேப்பிலை அப்படியே கிடந்தது. பம்படியில் துடைப்பம் மணலில் படுத்திருந்தது. எத்தனை அவசரமானாலும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுத்தான் போவாள் அம்சவல்லி.

பெருக்கிய மணலின் மேலேயே காலடிகள் கேட்டுக்குத் திரும்பிப் போயிருந்தன. நாலைந்து அடிக்கு ஒரு தரம் இரண்டு காலும் ஒன்றாகச் சேர்ந்து ஆழமாகப் பதிந்திருந்தன, மூச்சு வாங்க நின்றதுபோல. ஞானம்மா செருப்பைத் தேடாமல் இறங்கினாள். கேட்டுக்கு வெளியே வரிசையின் முதல் ஆள் இருமினான்.