கேசட் சுருதி

“ஏம்மா, நீ பாடுறியா, இல்ல வாயசைக்கிறியா?”

குச்சியண்ணன் முதல்முறை அவளிடம் இதைக் கேட்டபோது அவர் மேடையில் இருந்தார். இரண்டு பாட்டுக்கு நடுவே, வேர்த்து வழிய, டிரம்ஸ் குச்சியை அவள் பக்கம் நீட்டிக் கேட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பள்ளிச் சீருடையோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. மனிதர் அதோடு விட்டாரா? “ஊமைப்படம் பாத்த மாதிரியில்ல இருக்கு!” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் அவள் பெயர் ஊமைப்படம்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் வாயைத்தான் அசைத்தாள். சிறுவயதில் ஆலயப் பாடகர் குழுவில் சேர்ந்த புதிதில், பாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா அவளைத் தனியே கூப்பிட்டார். “உன் குரலு ஆம்பளக் குரலாட்டம் தடியா இருக்கு கண்ணு, மத்த புள்ளைங்கள அமுக்கிடுது. நீ வாய மட்டும் அசைச்சாப் போதும், என்ன?” என்று கன்னத்தைத் தட்டினார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அன்பாகச் சொன்னதால் ஒட்டிக்கொண்டுவிட்டது.

குச்சியண்ணன் வாசித்த அந்த ராக் குழுவில் நாலு பேர். பாடுகிறவர் பெரியண்ணன். கீபோர்டு வாசிக்கிற அவர் மனைவியை எல்லாரும் அண்ணி என்பார்கள். கிடார் வாசிப்பவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, ஆகவே லிஃப்ட் அண்ணன். டிரம்ஸுக்குக் குச்சியண்ணன். சாமியைப் பற்றி, வீட்டில் பேசுகிற தமிழிலேயே பாட்டு கட்டி, காது கிழிகிற சத்தத்தில் பாடினார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். சில ஆலயங்கள், டிரம்ஸ் வாசல்படி தாண்டக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டன. “அப்ப வாசல்லயே வாசிக்கிறோம்” என்று குச்சியண்ணன் வாசலில் உட்கார்ந்து வாசித்த கதையெல்லாம் உண்டு.

அவர்கள் போட்டது ஒரே ஒரு கேசட். அதிலும் ஒரு கோளாறு நடந்துபோனது. பிரதி எடுத்த இடத்தில் இயந்திரம் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கிறது. எல்லாப் பாட்டும் அரைக்கட்டை சுருதி ஏறி, வேகமும் கொஞ்சம் கூடிப் போய்விட்டது. வாங்கியவர்களுக்கு அது எப்படித் தெரியும்? கேட்டதைக் கேட்டபடியே மனப்பாடம் செய்தார்கள். அதற்கடுத்த கச்சேரியில் குழு ஒரு சுருதியில் ஆரம்பிக்க, கூட்டம் அரைக்கட்டை மேலே நின்று பாட, இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கேட்கச் சகிக்கவில்லை.

லிஃப்ட் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “இத்தன பேருக்குமா சுருதி போச்சு?” என்று மேடைக்குப் பின்னால் குதித்தார். யாரோ கேசட்டைப் போட்டுக் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. இனிமேல் என்ன செய்வது? கேசட் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும், தப்பு கேசட்டில்தான், நாங்கள் பாடுகிறபடி நீங்கள் பாடுங்கள் என்று கூட்டத்துக்குச் சொல்லியிருப்பார்கள். பெரியண்ணன் அப்படிச் சொல்லவில்லை.

“அவங்க கத்துக்கிட்டதுதான்டா பாட்டு. நாமதான் ஏறிப் போவணும். கம்பிய முறுக்கு.”

அன்றைக்கு முறுக்கிய கம்பியை லிஃப்ட் அண்ணன் அப்புறம் தளர்த்தவே இல்லை. பெரியண்ணனும் ஒவ்வொரு கச்சேரியிலும் நுனிக்காலில் நின்று எட்டுகிறவர் மாதிரி அந்த உயரத்தை எட்டிப் பிடித்துப் பாடினார்.

கடைசிப் பாட்டு கடலில் நடந்தவனைப் பற்றியது. அதன் முடிவில் நாலு வரி உச்சிக்குப் போகும். கேசட் சுருதியில் அது கூட்டத்து ஆண்களுக்கு எட்டாது, குரல் பிளந்துவிடும். பெண்கள் பாடினால் இன்னும் மேலே போய் விசில் மாதிரி ஆகிவிடும். அதனால் அந்த இடம் வந்ததும் கூட்டம் தானாகவே அடங்கிவிடும். பெரியண்ணன் தனியாகப் பாடுவார். அப்படிச் செய்யுங்கள் என்று யாரும் சொன்னதில்லை. ஜெபத்துக்கு எழுந்து நிற்கிற மாதிரி அது ஒரு வழக்கமாகிவிட்டது.

பிறகு குழு கலைந்தது. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. வேலை, பிள்ளைகள், முதுகுவலி. ஆனால் கேசட் அட்டையில் அச்சடித்த தொலைபேசி எண்ணை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. கூப்பிட்டால் நாலு பேரில் ஒருவர் எடுப்பார். எடுத்தால் வருவார். கால் முறிந்து கிடந்த ஒரு பேருந்து ஓட்டுநருக்காக மருத்துவமனைக்குப் போய், குச்சியண்ணன் கட்டில் கம்பியில் விரலால் தாளம் போட்டு, நர்ஸிடம் திட்டு வாங்கி, அதே தாளத்தில் அந்த நர்ஸையும் தலையாட்ட வைத்துவிட்டு வந்தார். அவளுடைய அம்மா இறந்தபோது லிஃப்ட் அண்ணன் வேலைச் சட்டையில் கிரீஸ் கறையோடு வந்து, உள்ளே வரக் கூச்சப்பட்டு, கதவோரம் நின்றபடியே ஒரு பாட்டை வாசித்துவிட்டுப் போனார். அன்று வந்திருந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேரின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. அந்தக் கிரீஸ் கறை ஞாபகமிருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழுவும் பழைய ரசிகர்களும் குச்சியண்ணனின் டயர் கடையில் கூடுவார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டயர் அடுக்குகளின் மேல் உட்கார்ந்து, பழைய பாட்டையெல்லாம் பாடி முடித்து, டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். கலையும்போது குச்சியண்ணன் ஷட்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரையும் ஒரு வார்த்தை வம்பிழுத்துத்தான் அனுப்புவார். அவளுக்கு மட்டும் எப்போதும் அதே கேள்வி. அவள் சிரித்துக்கொண்டே குனிந்து வெளியே போய்விடுவாள். வேறு எந்தக் கூட்டத்திலும் அவளைக் கேலி செய்கிற அளவுக்குக்கூட யாரும் கவனித்ததில்லை. அந்த ஒரு மத்தியானத்தை நினைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்டினாள்.

அவளுக்கு ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை. உலர்த்தும் இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அந்த இரைச்சலுக்குள்தான் அவள் பாடுவாள். பெரிய இயந்திரத்தின் ரீங்காரம் கிட்டத்தட்ட கேசட் சுருதியிலேயே நின்றது. அதைத் தம்பூரா மாதிரி பிடித்துக்கொண்டு, படுக்கை விரிப்புகளை உதறி மடித்தபடி, அந்த நாலு வரியையும் பாடுவாள். ஆண்களுக்கு எட்டாத, பெண்கள் தாண்டிப் போய்விடுகிற அந்த இடம் அவளுடைய தடித்த குரலுக்குச் சரியாக, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ஒருநாள் பாட்டின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. இயந்திரங்கள் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. அவள் குரல் மட்டும் கூடத்தில் தனியே நின்றது. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

“அடிப்பாவி!” என்றாள் இஸ்திரி போடுகிற அக்கா. “இத்தன நாளா வெளிய எங்கியோ ரேடியோ பாடுதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! நீயா?”

“நான் ஒண்ணும் பாடல.”

“அப்ப பெட்ஷீட்டா பாடுச்சு?”

அவள் காது சிவந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம்தான் லிஃப்ட் அண்ணன் போன் செய்தார்.

“வர்ற ஞாயித்துக்கெழம கூடுறோம்மா. அனேகமா இதான் கடைசி.”

“ஏண்ணே?”

“பெரியண்ணனுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சுல்ல? உயிருக்கு ஒண்ணுமில்ல. ஆனா இனிமே பாடக்கூடாதுன்னுட்டாங்க. இப்பதைக்குப் பேசவே கூடாதாம். அண்ணன் அண்ணிகிட்ட சைகையிலயே சொல்லிட்டாரு, அந்த நாலு வரி இல்லாம அந்தப் பாட்டப் பாடறதுக்குக் கூடாமலே இருந்துடலாம்னு. ஒரு தடவ எல்லாரும் முகத்தப் பாத்துட்டு, முடிச்சுக்குவோம்.”

அவள் “சரிண்ணே” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எப்போதையும்விடக் கூட்டம். ஊன்றுகோலோடு அந்தப் பேருந்து ஓட்டுநரும் வந்திருந்தார். ரப்பர் வாசனையும் டீ வாசனையும் கலந்து கிடந்தன. பெரியண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுவில் ஒரு லாரி டயர்மேல் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் கையையெல்லாம் பிடித்துப் பிடித்து விட்டார். குச்சியண்ணனுக்கு மட்டும் வாய் ஓயவில்லை.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்கப்பா! கல்யாணமான நாள்லேருந்து அண்ணி வாங்க நெனச்ச வரம் இன்னைக்குத்தான் பலிச்சிருக்கு. மனுஷன் வீட்டுல பேசறதே இல்ல!”

“உனக்கும் அதே டாக்டர்கிட்ட டோக்கன் போட்டு வச்சிருக்கேன், கவலப்படாத,” என்றார் அண்ணி. கடை அதிரச் சிரித்தார்கள். பெரியண்ணன் சிரித்தது தோளில் மட்டும் தெரிந்தது.

பாடினார்கள். கிடார் அதே முறுக்கிய சுருதியில் இருந்தது. குச்சியண்ணன் ஒரு எண்ணெய்ப் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு வாசித்தார். ஒவ்வொரு பாட்டையும் கூட்டமே தூக்கிக்கொண்டு போனது. கடைசியில் கடல் பாட்டு வந்தது. எல்லாரும் தொண்டை கிழியப் பாடி, மேலே ஏறி, அந்த இடத்துக்கு வந்ததும்...

அடங்கிவிட்டார்கள். அத்தனை பேரும், ஒருவர் பாக்கியில்லாமல். இன்றைக்காவது நாம் பாடியிருக்க வேண்டும் என்று அவர்களுக்கு அடங்கிய பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷப் பழக்கம், அந்த இடத்தில் வாய் தானாக மூடிக்கொண்டது. தாளம் போய்க்கொண்டிருந்தது, கிடார் போய்க்கொண்டிருந்தது, பாட்டின் நடுவில் பள்ளம் விழுந்த மாதிரி குரல் இல்லை.

அவள் பெரியண்ணனைப் பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல், ஒரு எழுத்து விடாமல், நாலு வரியையும் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

அப்படி அசைக்கிற வாய் எவ்வளவு கனமாக இருக்கும் என்று அந்தக் கடையில் அவளுக்குத்தான் தெரியும்.

குச்சியண்ணனும் அதைப் பார்த்துவிட்டார். கேலி எதுவும் வரவில்லை. “இன்னொரு சுத்துடா!” என்று மட்டும் கத்தினார். லிஃப்ட் அண்ணன் தலையாட்டினார். பாட்டு மறுபடி கீழிருந்து ஏறத் தொடங்கியது. இந்த முறை யாராவது பாடத்தான் போகிறார்கள் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். பேருந்து ஓட்டுநர் தொண்டையைச் செருமிவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினார்.

அந்த இடம் வரப்போகிற நேரத்தில் மூலையிலிருந்த காற்றடிக்கும் இயந்திரம் தானாக ஓட ஆரம்பித்தது. தொட்டியில் காற்று குறைந்தால் அது அப்படித்தான், யாரையும் கேட்காது. கடை முழுக்க இரைச்சல். யாரோ எழுந்து அதை அணைக்கப் போனார். அவளுக்கு அது சலவைக்கூடம் மாதிரி ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

“மூழ்குறேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்,
அதுக்குள்ள கைய நீட்டிட்ட...”

இரண்டாவது வரியின் பாதியில் இயந்திரம் நின்றது. அவளுடைய குரல் மட்டும், தடித்து, ஆண்குரலா பெண்குரலா என்று சொல்ல முடியாமல், கேசட் சுருதியில் அப்படியே நின்றது. வாயை மூடிக்கொள்ளத்தான் போனாள். கண்ணைத் திறந்தபோது எதிரே பெரியண்ணனின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. இப்போது அது அவள் குரலோடு சேர்ந்து அசைந்தது. நிறுத்தினால் அவரையும் நிறுத்துகிற மாதிரி ஆகிவிடும். நிறுத்தவில்லை.

“கால் நனஞ்சது எனக்குத் தெரியல,
கரையேறித்தான் பாத்தேன்.”

கூட்டம் திரும்பப் பாட்டுக்குள் வந்து அதை முடிக்க வேண்டும். ஒருவரும் வரவில்லை. கிடார் தனியாகவே போய் ஓய்ந்தது.

பெரியண்ணன் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார், இன்னொரு தடவை. பாடினாள். மறுபடி விரலைத் தூக்கினார். மறுபடி பாடினாள். மூன்றாவது முறை கூட்டம் சரியாக அந்த இடத்தில் அடங்கியது. மறந்துபோய் அல்ல, அவளுக்காக அடங்கினார்கள் என்பது அவளுக்கே தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் பெரியண்ணன் அண்ணியின் தோளைத் தட்டி, ஷட்டரைக் காட்டி, கையால் என்னென்னமோ வரைந்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

“அடுத்த வருஷமும் கடையத் தெறந்து வைக்கச் சொல்றாரு. ஊமைப்படத்துக்கு வேற பேர் வைக்கணுமாம்.”

“பேரு வைக்கிற டிப்பார்ட்மென்ட் குச்சியண்ணனுது!” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் பீப்பாயின்மேல் குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நேராக அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

டீ முடிந்தது. அவள் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு ஷட்டர் பக்கம் போனாள். வழக்கம்போல அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அவள் முதல்முறையாகக் குனியாமல் நிமிர்ந்து நின்றாள். கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் லாரி டயர்மேல், சற்று முன் வாயசைத்துக்கொண்டிருந்த பெரியண்ணனைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாதி இறங்கியிருந்த ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்து, அவள் குனியாமல் போகிற உயரத்துக்கு மேலே தூக்கிவிட்டு, அவளுக்கு முன்னால் தானே வெளியே இறங்கினார்.

“டேய், எங்கடா கெளம்பிட்ட? கடைய யாரு பூட்டுறது?” என்று உள்ளேயிருந்து அண்ணி கத்தினார்.

குச்சியண்ணன் வண்டியை எடுத்தார். பூட்டும் சாவியும் ஷட்டரிலேயே தொங்க, கடை நிறைய ஆட்கள் இருக்க, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தெருமுனையில் திரும்பிப் போய்விட்டார்.